ஊர் ஊராகப் போகும் ரசிகை முட்டாளா?

ஒரே பாடகி. ஒரே மேடை. ஏறக்குறைய ஒரே பாட்டு வரிசை. அதை பாரிஸில் ஒரு தடவை, லிஸ்பனில் ஒரு தடவை, அப்புறம் லண்டனில் இன்னொரு தடவை போய்ப் பார்க்கிறாள் ஒரு பெண். இதைக் கேட்டதும் நிறையப் பேருக்கு வாயில் வருகிற வார்த்தை "பைத்தியம்" என்பதுதான். கொஞ்சம் நாகரிகமாகச் சொல்கிறவர்கள் "காசுக் கொழுப்பு" என்பார்கள்.

இதே பெண் ஒரு பையனாக இருந்து, இங்கிலாந்து கிரிக்கெட் அணியின் பின்னால் ஆஸ்திரேலியாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் போயிருந்தால் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். 1994-95 ஆஷஸ் தொடரில் அப்படி ஒரு கூட்டம் ஆஸ்திரேலியாவுக்குப் போய், அணி தோற்றபோதும் விடாமல் பாடித் தீர்த்தது. 'பார்மி ஆர்மி' என்று அவர்களுக்குப் பெயரே வைத்தார்கள். 'பார்மி' என்றாலும் கிறுக்கு என்றுதான் அர்த்தம். ஆனால் அது செல்லப் பெயர்! டிவி கேமரா அவர்களைத் தேடிப் போய்க் காட்டும். பாட்டுக்குப் போனால் அசட்டுத்தனம், பந்துக்குப் போனால் விசுவாசம். இந்தக் கணக்கு எப்படி வந்தது என்று யாராவது சொன்னால் தேவலை.

சரி, விஷயத்துக்கு வருவோம். டெய்லர் ஸ்விஃப்ட்டின் 'எராஸ் டூர்' 2023 மார்ச் 17 அன்று அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தின் கிளெண்டேலில் தொடங்கி, 2024 டிசம்பர் 8 அன்று கனடாவின் வான்கூவரில் முடிந்தது. மொத்தம் 149 நிகழ்ச்சிகள். வந்து பார்த்தவர்கள் 1 கோடியே 1 லட்சத்து 68 ஆயிரம் பேர். டிக்கெட் வசூல் 207 கோடி டாலருக்கும் மேல். வகுத்துப் பார்த்தால் ஒரு டிக்கெட்டுக்குச் சராசரி 204 டாலர். உலகத்தில் இதுவரை எந்த இசைப் பயணமும் இவ்வளவு வசூல் செய்ததில்லை. இது டிக்கெட்டை முதலில் விற்ற கணக்கு மட்டும்தான் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிளாக்கில் கைமாறிய பணம் இதில் இல்லை.

இதில் திரும்பத் திரும்ப வந்தவர்கள் எதற்காக வந்தார்கள்? மூன்று மணி நேரத்துக்கும் மேல் நடந்த நிகழ்ச்சியில் நாற்பதுக்கும் மேற்பட்ட பாட்டுகள். எல்லா ஊரிலும் பெரும்பாலும் அதே வரிசை. ஆனால் கடைசிக்குச் சற்று முன்னால் ஒரு இடம் வரும். நடனக்காரர்கள் கிடையாது, பெரிய செட் கிடையாது. கித்தாரில் ஒரு பாட்டு, பியானோவில் ஒரு பாட்டு. அது என்ன பாட்டு என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாது. 2023 முழுக்க, பொதுவாக ஒரு தடவை பாடியதை மறுபடி பாடுவதில்லை என்ற கணக்கில் போனது. 2024 பிப்ரவரியில் ஆஸ்திரேலியா போனபோது அதை மாற்றி, இரண்டு மூன்று பாட்டுகளைச் சேர்த்துக் கலந்து பாட ஆரம்பித்தார். ஆக, இன்றைக்கு இந்த ஊரில் கேட்டது நாளைக்கு அடுத்த ஊரில் கிடைக்காது. தன் பதினைந்து வயதில் தலையணையில் முகம் புதைத்துக் கேட்ட ஒரு பாட்டு எந்த ஊரில், எந்த ராத்திரியில் வரும் என்று தெரியாமல் காத்திருக்கிற ஒருத்திக்கு இரண்டாவது டிக்கெட் என்பது இரண்டாவது பிரியாணி மாதிரி இல்லை. அது வேறு பண்டம்.

வாணிபப் பாடத்தில் குறையும் பயன்பாட்டு விதி என்று ஒன்று உண்டு. முதல் ஆரஞ்சு இனிக்கும், ஐந்தாவது ஆரஞ்சு திகட்டும். அந்த விதி வேலை செய்யாதபடி ஒரு நிகழ்ச்சியை அமைப்பது சாதாரணத் திறமை இல்லை. அந்த இரண்டு பாட்டு தற்செயலாக வந்து உட்கார்ந்ததாகத் தெரியவில்லை. திரும்ப வா என்று சொல்லாமல் சொல்லும் அழைப்பு அது. தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அழைப்பு என்பது அழைப்புதான்.

வந்தவர்களும் சும்மா வரவில்லை. மணி கோத்த ஃப்ரெண்ட்ஷிப் பேண்டுகளை டஜன் கணக்கில் செய்து கொண்டு வந்து, முன்பின் தெரியாதவர்களின் கையில் கட்டிவிட்டார்கள். அந்தப் பழக்கத்தைக் கிளப்பியது அவருடைய ஒரு பாட்டில் வரும் ஒரு வரி. செய்து பரப்பியது ரசிகர்கள். அரங்கத்துக்குள் இருந்தபடி போனைத் தூக்கிப் பிடித்து, வீட்டில் இருக்கும் லட்சக்கணக்கானவர்களுக்கு நேரலையாகக் காட்டினார்கள். கை வலிக்கும், பாட்டரி தீரும், இருந்தும் காட்டினார்கள். 2024 ஜூலையில் மூனிக் நகரத்தில் டிக்கெட் கிடைக்காத பல்லாயிரம் பேர் அரங்கத்தை ஒட்டிய புல்மேட்டில் போர்வை விரித்து உட்கார்ந்து மொத்த நிகழ்ச்சியையும் கேட்டார்கள். அந்த மேட்டுக் கூட்டத்தைப் பற்றி அவரே மேடையிலிருந்து பேசினார். இதெல்லாம் கம்பெனி சம்பளம் கொடுத்துச் செய்த விளம்பரம் இல்லை. எவ்வளவு பணம் கொடுத்தாலும் இப்படி ஒரு விளம்பரத்தைச் செய்யவும் முடியாது.

இனி டிக்கெட் கதை. 2022 நவம்பர் 15 அன்று அமெரிக்காவில் முன்விற்பனை. பதிந்து வைத்தவர்கள் 35 லட்சம் பேர். அன்றைக்கு மட்டும் டிக்கெட்மாஸ்டர் தளத்தை 350 கோடி தடவை தட்டினார்கள் என்று அந்த நிறுவனமே சொன்னது. தளம் திணறியது. மணிக்கணக்கில் வரிசையில் நின்றவர்கள் வெறும் கையோடு வெளியே வந்தார்கள். இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட டிக்கெட்டுகள் ஒரே நாளில் போயின. மூன்று நாள் கழித்து நடக்க வேண்டிய பொது விற்பனையையே ரத்து செய்துவிட்டார்கள். 2023 ஜனவரியில் அமெரிக்க செனட் குழு இதற்காக விசாரணை வைத்தது. 2024 மே மாதம் டிக்கெட்மாஸ்டரின் தாய் நிறுவனமான லைவ் நேஷன் மீது அமெரிக்க நீதித்துறை ஏகபோக வழக்கே போட்டது.

49 டாலரிலிருந்து 449 டாலர் வரை என்று விலை வைத்த சாதாரண டிக்கெட்டுகள் தரகர் கைக்குப் போனதும் ஆயிரங்களுக்கு ஏறின. எப்படிப் போயிற்று? 2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் ஒரு தரகு நிறுவனத்தின் மேல் போட்ட வழக்கில் ஒரு உதாரணம் வருகிறது. 2023 மார்ச்சில் லாஸ் வேகாஸில் நடந்த நிகழ்ச்சிக்கு ஒருவருக்கு ஆறு டிக்கெட்தான் என்பது விதி. 49 கணக்குகளை வைத்து 273 டிக்கெட்டுகளை அள்ளினார்கள் என்பது குற்றச்சாட்டு. ரசிகைக்குத்தான் விதி, தரகருக்கு விதி கிடையாது போலிருக்கிறது.

இங்கேதான் வெளிநாட்டுப் பயணம் ஆரம்பிக்கிறது. உள்ளூரில் பிளாக்கில் வாங்குகிற காசுக்கு, ஐரோப்பாவில் டிக்கெட்டும் விமானமும் சேர்த்தே முடித்துவிடலாம் என்று அமெரிக்கப் பெண்கள் கணக்குப் போட்டார்கள். 2024 மே மாதம் பாரிஸில் நடந்த நான்கு இரவுகளுக்கான டிக்கெட்டில் ஐந்தில் ஒரு பங்கு அமெரிக்கர்கள் வாங்கியது என்று அரங்கத்தாரே சொன்னார்கள். ஸ்டாக்ஹோமுக்கு ஏறக்குறைய பத்தாயிரம் அமெரிக்கர்கள். காசுக் கொழுப்பு என்று சொன்னவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். இவர்கள் விலை பார்த்து வாங்கிய நுகர்வோர். எந்த வாத்தியாரும் இதற்கு முழு மார்க் போடுவார் :)

"இருக்கட்டும். ஆனால் போகச் சொல்லி யார் கேட்டார்கள்? அவரவர் இஷ்டம், அவரவர் நஷ்டம்" என்பது எதிர்த்தரப்பின் பலமான வாதம். நியாயமாகத்தான் தோன்றும், சிங்கப்பூரைப் பார்க்கிற வரைக்கும்.

2024 மார்ச் 2 முதல் 9 வரை சிங்கப்பூரில் ஆறு நிகழ்ச்சிகள். தென்கிழக்கு ஆசியாவில் வேறு எந்த நாட்டிலும் கிடையாது. இந்தியாவுக்கும் அந்தப் பயணம் வரவில்லை, ஆகவே இங்கிருந்து போனவர்களும் உண்டு. மற்ற நாடுகளுக்குப் போகாமல் இருப்பதற்கே சிங்கப்பூர் பணம் கொடுத்தது என்று தாய்லாந்துப் பிரதமர் ஸ்ரெத்தா வெளிப்படையாகப் பேசினார். பிலிப்பைன்ஸ் எம்.பி. ஒருவர் இது நல்ல அண்டை நாட்டுக்கு அழகா என்று கேட்டார். சிங்கப்பூர்ப் பிரதமர் லீ சியன் லூங் ஊக்கத்தொகை கொடுத்தது உண்மைதான் என்றும், அதில் பகைமை ஒன்றும் இல்லை என்றும் ஆசியான் மாநாட்டுக்காக மெல்போர்ன் போயிருந்தபோது சொன்னார். இந்த ஏற்பாட்டின் அர்த்தம் என்ன? பாங்காக்கிலும் மணிலாவிலும் ஜகார்த்தாவிலும் இருக்கிற ரசிகை எப்படியும் வருவாள், ஹோட்டலில் தங்குவாள், சாப்பிடுவாள், கடைக்குப் போவாள் என்பதை ஒரு அரசாங்கம் கணக்கில் எடுத்து, அதற்கு விலை கொடுத்திருக்கிறது. அமெரிக்க மத்திய வங்கியின் 2023 ஜூலை அறிக்கையில்கூட, ஃபிலடெல்ஃபியா ஹோட்டல்களுக்குப் பெருந்தொற்றுக்குப் பிறகு அந்த மே மாதம்தான் மிக நல்ல மாதம், இந்தக் கச்சேரிகளுக்கு வந்தவர்கள் முக்கியக் காரணம் என்று எழுதியிருந்தார்கள்.

ஆக, யாரும் கேட்கவில்லை என்பது சரியில்லை. அவளுடைய பயணத்தை அவள் புறப்படுவதற்கு முன்பே விற்றாயிற்று.

விற்றவர்கள் அந்தப் பயணத்தின் ஆபத்தில் பங்கு எடுத்துக்கொண்டார்களா?

ரியோ டி ஜெனிரோ, 2023 நவம்பர் 17. அந்த வாரம் ரியோவில் உடம்பு உணரும் வெப்பம் 58 டிகிரியைத் தாண்டியது. அரங்கத்துக்குள் தண்ணீர் பாட்டில் கொண்டுபோகத் தடை. வெயிலில் மணிக்கணக்கில் நின்றவர்கள் ஒவ்வொருவராகச் சுருண்டு விழுந்தார்கள். வேறு மாநிலத்திலிருந்து வந்திருந்த ஓர் இளம் மாணவி அன்றைக்கு இறந்துபோனாள். வெப்பம்தான் காரணம் என்று பிறகு மருத்துவ அறிக்கை சொன்னது. தண்ணீர் கொண்டுபோக விட வேண்டும், இலவசமாகவும் தர வேண்டும் என்று மறுநாள் பிரேசில் அரசாங்கம் உத்தரவு போட்டது. ஒரு குடம் தண்ணீர் விஷயம், அதற்கு ஓர் உயிர் போக வேண்டியிருந்தது. சனிக்கிழமை நிகழ்ச்சியைத் திங்கட்கிழமைக்குத் தள்ளி வைத்தார்கள். அதுவும் ரசிகர்கள் அரங்கத்துக்கு வந்து சேர்ந்த பிறகு. தள்ளி வைத்தது சரியான முடிவு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஊர் திரும்ப டிக்கெட் போட்டிருந்தவர்களுக்குத் திங்கட்கிழமை என்பது என்ன?

வியன்னா, 2024 ஆகஸ்ட் 7. தாக்குதல் சதி தெரியவந்து, மறுநாள் தொடங்க இருந்த மூன்று நிகழ்ச்சிகளும் ரத்து. ஏறக்குறைய 1,95,000 பேர். ரத்து செய்ததைக் குறை சொல்லவே முடியாது, உயிர் முக்கியம். டிக்கெட் காசும் திரும்ப வந்தது. விமானக் காசும் அறை வாடகையும்? அவரவர் பாடு. அந்த நாட்களில் ரசிகர்களைக் கவனித்துக்கொண்டது ஊர்தான். சில அருங்காட்சியகங்கள் டிக்கெட் வைத்திருந்தவர்களை இலவசமாக விட்டன, சில கடைகள் சாப்பாடு கொடுத்தன. ரசிகர்கள் கொர்னேலியுஸ்காஸே என்ற தெருவில் கூடி, அங்கிருந்த மரத்தில் பேண்டுகளைக் கட்டிவிட்டுப் பாடினார்கள். அவருடைய ஒரு பாட்டில் வரும் நியூயார்க் தெருவின் பெயரும் இதுவும் ஏறக்குறைய ஒன்று, அவ்வளவுதான் காரணம்.

இப்படி ஊர் ஊராகப் போவது புதிதும் இல்லை. 1965-இல் தொடங்கிய 'கிரேட்ஃபுல் டெட்' என்ற அமெரிக்க இசைக்குழுவின் பின்னால் முப்பது வருஷம் ஒரு கூட்டமே வேனில் சுற்றியது. அந்தக் குழுவும் ஒவ்வொரு ராத்திரியும் பாட்டு வரிசையை மாற்றியது. ஆனால் ஒரு வித்தியாசம். 1983-இல் தானே ஓர் அலுவலகம் வைத்து, தபாலில் டிக்கெட் விற்க ஆரம்பித்தது. ரசிகர்கள் உறையில் படம் வரைந்து மணியார்டரோடு அனுப்புவார்கள். 1984-இல் கச்சேரியை ஒலிப்பதிவு செய்ய வருகிறவர்களுக்கு அரங்கத்தில் தனி இடமே ஒதுக்கியது. கார் நிறுத்தும் இடத்தில் ரசிகர்கள் சாயச் சட்டையும் சீஸ் சாண்ட்விச்சும் விற்று அடுத்த ஊருக்குப் பெட்ரோல் காசு தேற்றினார்கள். அங்கேயும் எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல முடியாது. 1995 ஜூலையில் இண்டியானாவில் டிக்கெட் இல்லாத ஆயிரக்கணக்கானவர்கள் வேலியை உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்து, மறுநாள் நிகழ்ச்சியே நின்றுபோனது. ரசிகர்கள் செய்த அநியாயம் அது. ஆனாலும் பின்னால் வருகிற கூட்டத்தைத் தன் பொறுப்பு என்று அந்தக் குழு நினைத்தது.

டெய்லர் ஸ்விஃப்ட் கஞ்சத்தனமானவர் என்று சொல்லவில்லை. லாரி ஓட்டுநர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு லட்சம் டாலர் போனஸ் கொடுத்ததாக 2023 ஆகஸ்டில் செய்தி வந்தது. மேடையைச் சுமந்து வந்தவர்களுக்குக் கொடுத்தது நல்லது. கூட்டத்தைச் சுமந்து வந்தவர்களும் இருக்கிறார்கள் என்பதுதான் இங்கே பேச்சு.

என்ன செய்யலாம்? பிளாக்கை ஒழிக்க முடியாது என்பார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் இந்த நிகழ்ச்சியைச் சட்டப்படி 'பெரிய நிகழ்வு' என்று அறிவித்து, அச்சிட்ட விலைக்கு மேல் 10 சதவீதத்துக்கு அதிகமாக விற்றால் குற்றம் என்றது. மெல்போர்னில் மூன்று இரவுகளில் 2,88,000 பேர் வந்தார்கள், யாருக்கும் வியாபாரம் படுத்துவிடவில்லை. நிகழ்ச்சி ரத்தானால் பயணச் செலவுக்கும் ஒரு வழி உண்டு. வாங்கியவர் எந்த நாட்டுக்காரர் என்று விற்றவர்களுக்குத் தெரியும், பாரிஸில் ஐந்தில் ஒரு பங்கு என்று சொல்ல முடிந்ததே. 204 டாலர் சராசரி டிக்கெட்டில் ஒரே ஒரு டாலரைத் தனியாக எடுத்து வைத்திருந்தால், 149 நிகழ்ச்சிக்கு ஒரு கோடி டாலருக்கும் மேல் சேர்ந்திருக்கும். வியன்னாவுக்கு வந்ததில் பாதிப் பேர் வெளியூர் என்று வைத்துக்கொண்டால்கூட, தலைக்கு நூறு டாலர். விமானக் காசுக்குப் போதாது. விடுதிக் கட்டிலுக்கு இரண்டு மூன்று ராத்திரி வாடகை ஆகும்.