பாங்கிக் கணக்கும் நமது ஜனங்களும்

சித்திரை மாதம் முதல் தேதி வந்துவிட்டால் நமது ஊர்களில் பஞ்சாங்கம் வாசிக்கக் கேட்பதற்கென்று கோவில் மண்டபத்தில் ஒரு கூட்டம் கூடிவிடுகின்றது. எந்த ராசிக்கு ஆதாயம் எத்தனை, விரயம் எத்தனை என்று ஒருவர் படிக்க, மற்றவர்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்கின்றார்கள். ஆதாயம் அதிகம் என்றால் முகம் மலர்கின்றது. விரயம் அதிகம் என்றால் முகம் வாடிப் பரிகாரத்திற்கு இன்னும் கொஞ்சம் விரயம் செய்கின்றார்கள். இந்த ஆதாயம் யாருடைய பெட்டியிலிருந்து வருகின்றது, எந்தக் கணக்குப்பிள்ளை இதை எழுதினான், சரிபார்த்தவன் யார் என்று கேட்பவர் ஒருவருமில்லை.

ஆனால், அதே ஊரில் உண்மையான ஆதாய விரயக் கணக்கு ஒன்று வருஷந்தோறும் தயாராகின்றது. ஊராருடைய சொந்தப் பணத்தைப் பற்றியது. அச்சடித்த தாளில் அணா பைசாவுடன் இருப்பது. சரிபார்ப்பதற்குத் தணிக்கைக்காரர் உண்டு. கேள்வி கேட்க மெம்பருக்குச் சட்டப்படி உரிமையும் உண்டு. அதுதான் ஊர்க் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் வருஷக் கணக்கு. அதை வாசிக்கக் கேட்க எத்தனை பேர் போகின்றோம்? சமயநல்லூர், தேனூர், பரவை, சோழவந்தான் பக்கமெல்லாம் நெல்லும் வெற்றிலையும் தென்னையும் வைத்துப் பிழைக்கும் நம் தோழர்கள் தங்கள் நெஞ்சில் கை வைத்துச் சொல்லட்டும். பஞ்சாங்கத்தைத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? ஐந்தொகையைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

இந்தச் சங்கங்கள் ஆகாயத்திலிருந்து குதித்தவையல்ல. எந்தக் கடவுளும் வரமாகக் கொடுத்தவையுமல்ல. 1846, 47-ல் ஜர்மனி தேசத்தில் பஞ்சம் வந்து குடியானவர்கள் லேவாதேவிக்காரர்களிடம் சிக்கிச் சீரழிந்தபோது, ரைபீசன் என்கின்ற ஒரு சிற்றூர் மேயர் யோசித்துச் செய்த ஏற்பாடு இது. தனித்தனியே போனால் கடன் கொடுக்க யாரும் நம்பமாட்டான். ஊரார் சேர்ந்து ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றால் நம்புவான் என்பதுதான் அதன் இரகசியம். 1864-ல் அவர் தமது ஊரார் சங்கத்தை அமைத்தார். நமது மாகாணத்தில் பிரடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரி இதை ஆராய்ந்து 1895-லும் 1897-லும் அறிக்கை கொடுத்தார். 1904-ல் சட்டம் வந்தது. அதே வருஷத்தில் இன்றைய திருவள்ளூர் ஜில்லாவிலுள்ள திரூரில் கிராமக் கடன் சங்கம் பதிவாயிற்று. 1905-ல் சென்னையில் ஏற்பட்ட மத்திய பாங்கிதான் இன்று மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கியாக நிற்கின்றது. ஊரில் சங்கம், ஜில்லாவில் மத்திய வங்கி, தலைநகரில் தலைமை வங்கி என்பதுதான் படிக்கட்டு. இந்தப் படிக்கட்டில் அடிக்கல் ஊர்ச் சங்கம். ஊர்ச் சங்கத்தின் அடிக்கல் நீங்கள்.

இதனால் என்ன லாபம் என்று கேட்பீர்களானால், ஒரு சிறு கணக்கைச் சொல்லுகின்றோம். மதுரைப் பக்கத்தில் கந்துவட்டிக்காரனிடம் நூற்றுக்குப் பத்து வட்டியில் 50,000 ரூபாய் வாங்கினவன் மாதம் 5,000 வட்டி கட்டவேண்டும். வருஷத்தில் 60,000 கட்டியிருப்பான். அசலோ அப்படியே 50,000 நிற்கும். அதே ரூபாயைச் சங்கத்தில் பயிர்க்கடனாக வாங்கித் தவணை தப்பாமல் கட்டுகின்றவனுக்கு வட்டியே கிடையாது. கந்துவட்டியைத் தடுக்க 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. வந்தும் என்ன? 2017 அக்டோபரில் திருநெல்வேலி கலெக்டர் ஆபீசு வாசலிலே ஒரு கூலித் தொழிலாளியும் அவர் மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் இந்தக் கொடுமையால் தீக்கிரையானார்கள். சட்டம் தண்டிக்கலாமே தவிர, அவசரத்திற்குப் பணம் கொடுக்காது. அவசரத்திற்கு நியாயமான வட்டியில் பணம் கொடுக்கின்ற இடம் ஊரில் இருந்தால்தான் கந்துவட்டிக்காரனுடைய கடை அடைபடும். ஆகவே ஊர்ச் சங்கம் நன்றாய் நடக்கின்றதா இல்லையா என்பது உத்தியோகஸ்தர்களுடைய விஷயமல்ல. நமது பெண்டு பிள்ளைகளின் உயிர் விஷயம் என்றே சொல்லுவோம்.

நிற்க, நம்மில் பலர் இன்னொன்றை அறியாமலே இருக்கின்றார்கள். பாங்கி முழுகிப்போவது நமது நாட்டிற்குப் புதிதல்ல. 1906-ல் சென்னையில் ஆர்பத்நட் கம்பெனி முழுகிற்று. 1938-ல் திருவாங்கூர் நேஷனல் குயிலான் பாங்கி முழுகிற்று. 1960-ல் பாலாய் சென்ட்ரல் பாங்கி முழுகிற்று. அதன் பிறகுதான் புத்தி வந்து, 1962-ல் டிபாசிட்டுகளுக்கு இன்ஷூரன்ஸ் ஏற்பட்டது. அப்போது ஆள் ஒன்றுக்கு 1,500 ரூபாய் வரையில். 2020 பிப்ரவரியில் அது 5 லட்சமாக உயர்த்தப்பட்டது. வர்த்தக பாங்கிகளுக்கும், ஜில்லா மத்தியக் கூட்டுறவு வங்கி போன்றவைகளுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. ஆனால் உங்கள் ஊர்க் கடன் சங்கத்தில் போட்ட டிபாசிட்டுக்கு இந்த இன்ஷூரன்ஸ் கிடையாது. ஜனங்கள் அதை வாய் நிறைய 'பேங்க்' என்று அழைத்தாலும் சட்டப்படி அது சங்கமே ஒழிய பாங்கி அல்ல. அப்படியானால் அந்தப் பணத்திற்கு இன்ஷூரன்ஸ் எது? நீங்கள் கேட்கின்ற கேள்விதான் இன்ஷூரன்ஸ். கேள்வி கேட்காத ஊரில் பணத்திற்குக் காவல் இல்லை.

என்ன கேள்வி கேட்பது, நமக்கு என்ன தெரியும் என்று சிலர் பின்வாங்குவார்கள். இதைப்போல் பொய்யடக்கம் வேறில்லை. நமது கிராமத்தான் மொய் நோட்டு வைத்திருக்கின்றான். இருபது வருஷத்திற்கு முன் யார் காதுகுத்துக்கு யார் எவ்வளவு எழுதினார் என்று விரல் வைத்துக் காட்டுகின்றான். திருவிழா முடிந்தால் தலைக்கட்டு வரிக் கணக்குக் கேட்க ஊரே மந்தையில் கூடி, கொட்டுக்கு எவ்வளவு, மைக் செட்டுக்கு எவ்வளவு, பந்தலுக்கு ஏன் இவ்வளவு என்று நடுராத்திரி வரையில் சண்டை போடுகின்றான். பத்து ரூபாய் குறைந்தாலும் விடுவதில்லை. இத்தனை கணக்குப் புத்தியும், கண் திறவாத சாமியின் கணக்கில் மட்டும் வேலை செய்து, தன் பிள்ளைகுட்டியின் கணக்கில் தூங்கிவிடுவானேன்? புத்தி இல்லாமலா? இல்லை. சங்கம் சர்க்காருடையது, நமது அல்ல என்கின்ற அடிமை எண்ணந்தான் காரணம்.

ஆதலால் கணக்கைப் பார்க்க விரும்பும் தோழர்களுக்குச் சில வழிகளைச் சொல்லுகின்றோம். முதலாவதாக, லாபம் எவ்வளவு என்று கேட்டு அத்தோடு திருப்தியடைந்து விடாதீர்கள். தவணை தவறிய பாக்கி எவ்வளவு என்று கேளுங்கள். கைக்கு வராத வட்டியை வரவு என்று எழுதிக்கொண்டால் காகிதத்தில் லாபம் வந்துவிடும். பழைய கடனை மூடப் புதுக் கடனைக் கொடுத்ததாகப் புத்தகத்தில் எழுதிவிட்டால், பாக்கி இருந்த இடம் தெரியாது. ஒரு காசும் கை மாறியிராது. இரண்டாவதாக, லாபத்தில் சேமநிதிக்கு ஒதுக்கியது எவ்வளவு என்று பாருங்கள். மூன்றாவதாக, டிபாசிட் போட்டவர்கள் யார், கடன் வாங்கினவர்கள் யார் என்று பாருங்கள். நாலாவதாக, தணிக்கைக்காரர் குறித்த குறைகள் என்ன, போன வருஷம் குறித்தவை இந்த வருஷம் தீர்ந்தனவா என்று கேளுங்கள். இதற்கு காலேஜ் படிப்பு வேண்டியதில்லை. கூட்டல் கழித்தலும் கொஞ்சம் தைரியமும் போதும்.

கேட்காமல் இருந்ததன் பலனையும் கண்டோம். 2021 பிப்ரவரியில் 16 லட்சத்துக்கு மேற்பட்ட விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடன் தள்ளுபடி என்று அறிவிக்கப்பட்டது. அதே வருஷத்தில் ஐந்து பவுனுக்கு உட்பட்ட நகைக்கடனும் தள்ளுபடி என்று வந்தது. ஏழைக்கு உதவியானால் நாம் வேண்டாமென்று சொல்ல மாட்டோம். ஆனால் தகுதி பார்க்கப் புகுந்தபோது, ஒரே ஆள் பல சங்கங்களில் பல கடன் வாங்கியிருந்ததும், சில இடங்களில் தங்கம் இருக்கவேண்டிய பையில் போலி நகை இருந்ததும் வெளியாயிற்று. இந்தப் பைகள் ஒரு இராத்திரியில் நுழைந்தனவா? வருஷாவருஷம் கணக்கு வாசித்த சபையில் நாலு பேர் எழுந்து கேட்டிருந்தால் நுழைந்திருக்குமா? தள்ளுபடித் தொகையும் சர்க்கார் கொடுத்துத் தீர்க்கும் வரையில் சங்கத்திற்கு வரவேண்டிய பாக்கிதான் என்பதையும், அதுவரை அடுத்தவனுக்குக் கடன் கொடுக்கக் கை வறண்டிருக்கும் என்பதையும், ஒழுங்காய்க் கட்டினவன் முட்டாளாக்கப்படுகின்றான் என்பதையும் யோசிக்க வேண்டும்.

சங்கத்தில் பணக்காரனுக்கும் ஏழைக்கும், மேல்ஜாதி என்பவனுக்கும் கீழ்ஜாதி என்பவனுக்கும் ஆளுக்கு ஒரே ஓட்டுத்தான். நூறு பங்கு வைத்திருப்பவனுக்கும் ஒரு ஓட்டு. ஒரு பங்கு வைத்திருப்பவனுக்கும் ஒரு ஓட்டு. இதற்கு ஈடான சமத்துவம் நமது ஊரில் வேறு எங்கேயாவது உண்டா? கோவிலில் உண்டா? குளத்தங்கரையில் உண்டா? இப்படிப்பட்ட அருமையான உரிமையை நாம் எப்படிக் காப்பாற்றினோம்? 1996-க்கு முன் நெடுங்காலம் தேர்தலே இல்லை. 2013-ல் நடந்தது. 2018-ல் நடந்தபோது முறைகேடு என்று வழக்கு மதுரை ஐக்கோர்ட்டுக் கிளை வரையில் போயிற்று. அப்போது வந்த நிர்வாகக் குழுக்களின் காலம் 2023-ல் முடிந்தவுடன் சங்கங்கள் தனி அதிகாரிகளிடம் ஒப்புவிக்கப்பட்டன. எந்தக் கட்சி ஆண்டாலும் இந்த விஷயத்தில் ஒரே புத்திதான் என்று சொல்ல வேண்டியிருக்கின்றது. அதிகாரி நல்லவராகவே இருக்கலாம். ஆனால் நல்ல எஜமான் கிடைத்தான் என்பதற்காக அடிமையாயிருப்பது சுயமரியாதையாகுமா?

ஊரோடு ஒட்டிய பாங்கி என்றால் என்ன என்பதற்கு மதுரையிலேயே இரண்டு உதாரணங்கள் உண்டு. 1943-ல் கருமுத்து தியாகராஜ செட்டியார் மதுரையில் ஆரம்பித்த பாங்க் ஆப் மதுரா, கிராமங்களில் கிளை வைத்து, கடைசிக் காலத்தில் பெண்கள் குழுக்களுக்கும் கடன் கொடுத்து வந்தது. 2001-ல் அது பம்பாயிலிருந்து நடக்கும் ஐசிஐசிஐ பாங்கியோடு சேர்க்கப்பட்டு, மதுரையின் பேரும் போயிற்று. பங்குக்காரர்களின் சொத்தாக இருந்த பாங்கியைப் பங்குக்காரர்கள் சேர்த்தார்கள். பணம் போட்ட ஜனங்களுக்கு அதில் ஓட்டு இல்லை. இது ஒரு பாடம்.

மற்றொன்று, 1990 முதல் மதுரைப் பக்கத்தில் வளர்ந்த களஞ்சியம் பெண்கள் குழுக்கள். நிலம் இல்லாதவளுக்குச் சிட்டா இல்லை, அடங்கல் இல்லை. ஆகவே பயிர்க்கடனும் இல்லை. அப்படிப்பட்ட கூலிக்காரப் பெண்கள் பதினைந்து, இருபது பேராகச் சேர்ந்து, மாதம் சிறு தொகை போட்டு, தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்து, வட்டியையும் தாங்களே தீர்மானித்து, குழுக்களைக் கூட்டிச் சம்மேளனமாக்கி, பாங்கிக்காரனே தங்களைத் தேடி வரும்படி செய்தார்கள். அழகர்கோவில் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த, எழுத்துப் படியாத சின்னப்பிள்ளை அம்மையார் இதில் தலைவியாக நின்று பேர் பெற்று, 2019-ல் பத்மஸ்ரீ பட்டமும் அடைந்தார். முன்னொரு சமயம் பிரதம மந்திரி வாஜ்பாய் விருது கொடுக்கையில் அந்த அம்மையாரின் காலைத் தொட்டு வணங்கினார் என்பதை இன்னும் பலர் அதிசயமாகச் சொல்லுகின்றார்கள். யார் காலையும் யாரும் தொடவேண்டியதில்லை என்பது நமது கொள்கை. தொட்டுப் பார்க்கவேண்டியது அந்தப் பெண்களின் கணக்கு நோட்டைத்தான். எழுதத் தெரியாதவர்கள் வாரந்தவறாமல், மாதந்தவறாமல் கூடி உட்கார்ந்து வாசிக்கச் சொல்லிக் கேட்டு, தவறு இருந்தால் அங்கேயே பிடித்தார்கள். எழுதத் தெரிந்த ஆண்பிள்ளைகளான நாம் வருஷத்தில் ஒரு நாள் கூடச் சங்கத்திற்குப் போய்க் கேட்பதில்லை.

இன்னொன்றும் சொல்லுவோம். ஊருக்கு உபகாரம் என்றால் திருவிழாவுக்குத் தட்டி கட்டுவதும், அன்னதானத்திற்கு அரிசி மூட்டை அனுப்புவதும் என்று பலர் நினைக்கின்றார்கள். அது விளம்பரம். சேரித் தெருவில் எத்தனை மெம்பர்கள்? குத்தகைக்கு உழுகின்றவனுக்கு எத்தனை கடன்? பெண்கள் பேரில் எத்தனை? உரம் சாகுபடிக் காலத்தில் வந்ததா, அறுவடைக்குப் பிறகு வந்ததா? சங்கம் நடத்தும் ரேஷன் கடையில் எடை சரியா? இவைகளே ஊர் உபகாரத்தின் அளவுகோல்.

ஆகவே தோழர்களே! ஊருக்கு ஐந்து பேராவது மெம்பராகுங்கள். ஆண், பெண் இருவரும் ஆகுங்கள். மகாசபை எப்போது என்று எழுத்து மூலமாய்க் கேளுங்கள். அறிக்கையின் நகல் கேளுங்கள். கொடுத்தால் அதை மந்தையில் எல்லோர் முன்னிலும் உரக்க வாசியுங்கள். கொடுக்காவிட்டால் ஏன் கொடுக்கவில்லை என்பதை அதே மந்தையில் சொல்லுங்கள். நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைத் திருப்பிக் கொடு என்று சர்க்காரைக் கேளுங்கள். வாங்கிய கடனைத் தவணைக்குக் கட்டிவிட்டு, தலை நிமிர்ந்து நின்று கேளுங்கள். கடன்காரனுடைய கேள்விக்கு மதிப்பில்லை. நாணயஸ்தனுடைய கேள்விக்கு எந்த அதிகாரியும் பதில் சொல்லியே தீரவேண்டும்.