பிடித்த கணக்கும் ஜெயித்த கணக்கும்

கோலார் தங்கவயல்காரர்களுக்குப் புரோ கபடி ஒரு தர்மசங்கடம். வீட்டில் பேசுவது தமிழ், வாக்களிப்பது கர்நாடகத்தில். கை தட்டுவது தமிழ் தலைவாஸுக்கா, 100 கி.மீ. தொலைவில் உள்ள பெங்களூருவின் புல்ஸுக்கா? எந்தப் பக்கம் சாய்ந்தவருக்கும் இந்த இரு அணிகளும் ஒரே புதிரைத்தான் போட்டிருக்கின்றன: அணியில் அசகாய தற்காப்பு வீரர் இருந்தும் ஏன் தோற்கிறோம்?

கொரோனா காரணமாக 2021-22 சீசன் முழுவதும் ஒயிட்ஃபீல்டில் ஒரு நட்சத்திர ஓட்டலில், பார்வையாளர்கள் இல்லாமல் நடந்தது. காலையில் தங்கவயல் தொழிலாளர்களை பெங்களூருவுக்குச் சுமந்து செல்லும் ரயில் அந்த ஒயிட்ஃபீல்டைத் தாண்டித்தான் போகிறது. தலைவாஸின் சாகர் அந்த சீசனில் 82 டேக்கிள் புள்ளிகள் எடுத்தார். பட்டியலில் இரண்டாம் இடம். அணிக்கோ 12-இல் 11-ஆவது இடம். 2024-இல் புல்ஸின் தற்காப்பில் தனித்துத் தெரிந்தவர் நிதின் ராவல். அந்த ஆண்டு 22 ஆட்டங்களில் புல்ஸ் ஜெயித்தது 2. கடைசி இடம்.

குற்றம் வீரர்களுடையது அல்ல. கோளாறு எண்ணும் முறையில் இருக்கிறது. பாடி வருபவரின் கணுக்காலை ஓரத்தில் நிற்பவர் கவ்வுகிறார் என்றால், அவர் தப்பி ஓடும் வழியை இன்னொருவர் மறித்திருப்பார், மூன்றாமவர் முதுகில் விழுந்து அமுக்கியிருப்பார். ஆனால் புள்ளி பதிவாவது ஒருவர் பெயரில். அவசரப்பட்டுப் பாய்ந்து ஏமாந்தால் எதிரணிக்கு ஒரு புள்ளி போகிறது, பாய்ந்தவரும் வெளியேறுகிறார். டேக்கிள் புள்ளிப் பட்டியலில் அந்த நஷ்டம் கழிக்கப்படுவதில்லை. எதிராளியைத் தொடவிடாமல் வெறும் கையோடு திருப்பி அனுப்புவதும் நல்ல தற்காப்புதான். தொடர்ந்து இரண்டு முறை அப்படி அனுப்பினால் மூன்றாவது முறை அந்த அணி புள்ளி எடுத்தே தீர வேண்டும், இல்லையேல் பாடி வந்தவர் அவுட். அந்த நெருக்கடியை உண்டாக்கியவருக்குத் தனிக் கணக்கு கிடையாது.

இதைவிட வேடிக்கை, சூப்பர் டேக்கிள். களத்தில் மூன்று பேரோ அதற்கும் குறைவாகவோ மிஞ்சியிருக்கும்போது பிடித்தால் இரண்டு புள்ளி. அதாவது அடிக்கடி ஆளிழந்து நிற்கும் அணிக்குத்தான் இரட்டைப் புள்ளிக்கான வாய்ப்பும் அடிக்கடி வருகிறது. நோய் முற்ற முற்றத் தனிநபர் எடை கூடுவது போல.

அமெரிக்கக் கால்பந்திலும் இதே வழக்குதான். பந்தை எறியவிருக்கும் குவார்ட்டர்பேக்கை, எறிவதற்கு முன்பே வீழ்த்துவதற்கு ‘சாக்’ என்று பெயர். இருவர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்கு அரை. அந்த மட்டிலாவது அவர்கள் நியாயம் பார்க்கிறார்கள். 2001-இல் நியூயார்க் ஜயன்ட்ஸின் மைக்கேல் ஸ்ட்ரஹான் 22.5 சாக்குகளுடன் சாதனை படைத்தார். அவரது அணி 7 வெற்றி, 9 தோல்வியுடன் வீடு திரும்பியது. பேர்பெற்ற பந்துமறிப்பாளர்களின் கதை இன்னும் விசித்திரம்: அவர்கள் நிற்கும் பக்கமே எதிரணி பந்தை எறியாது. ஆள் பயங்கரமானவர் என்பதாலேயே கணக்கு மெலிந்துபோகிறது.

தங்கவயலில் இதைப் புரியவைக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. 2001 பிப்ரவரி 28-இல் மூடப்படும்வரை அங்கே சுரங்கத்தின் கணக்கு, தோண்டிய பாறை எத்தனை டன், அதில் தங்கம் எத்தனை கிராம் என்பதுதான். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கத்தில் பாறை வெடித்துச் சிதறும் ஆபத்து எப்போதும் இருந்தது. மரமுட்டும் கருங்கல் சுவரும் கொடுத்துக் கூரையைத் தாங்கவைத்தவர்கள் இல்லாமல் ஒரு டன்னும் மேலே வந்திருக்காது. விழாத கூரையை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

பட்டியலில் முதலிடம் பிடித்தவர் கோப்பையையும் தூக்கியது உண்டு. 2022-இல் ஜெய்ப்பூரின் அங்குஷ் 89 புள்ளி எடுத்தார், அணி சாம்பியன். அடுத்த சீசனில் ஈரானின் முகமத்ரேசா ஷாட்லு 99 எடுக்க, புனேரி பல்டன் கோப்பையை வென்றது. அவர் பக்கத்தில் தமிழகத்தின் அபினேஷ் நடராஜன் போன்றவர்கள் கவர் நிலையில் வழியடைத்து நின்றதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாறாக 2018-19 சீசனில், ஒரே சீசனில் 100 டேக்கிள் புள்ளிகளை எட்டிய முதல் வீரர் யுபி யோத்தாவின் நிதேஷ் குமார். இறுதிப் போட்டிக்கு அந்த அணி வரவே இல்லை. அங்கே புல்ஸின் 38 புள்ளிகளில் 22-ஐப் பாடியே எடுத்துக் கோப்பையைக் கொண்டுபோனவர் பவன் ஷெராவத்.

ஆகவே இந்த எண்ணை அளவுகோல் என்பதைவிட அறிகுறி என்று கொள்வதே சரி. ஏலக்காரர்கள் அப்படி நினைப்பதாகத் தெரியவில்லை. ஹரியானாவோடு 2024-இல் இன்னொரு கோப்பையும் கண்ட ஷாட்லுவை, 2025 ஏலத்தில் ரூ. 2.23 கோடி கொடுத்து வாங்கியது குஜராத். முதல் எட்டு இடங்களுக்குள் அந்த அணி வரவில்லை. அதே ஆண்டு, முந்தைய சீசனில் கடைசியில் கிடந்த புல்ஸ், முதல் நான்கு இடங்களுக்குள் வந்தது. அதன் பயிற்சியாளர் கர்நாடகத்தின் பி.சி. ரமேஷ், 2019-இல் பெங்கால் வாரியர்ஸும் 2024-இல் புனேரியும் கோப்பை வென்றபோதும் ஓரத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தவர். அவர் பெயருக்கு எதிரே டேக்கிள் புள்ளி எதுவும் இல்லை.