கோபாலன் பிழையான கப்பல்ல ஏறல்ல

விளையாட்டு வரலாறு பேசுற ஆக்களிட்ட எம். ஜே. கோபாலன் எண்டு சொல்லிப் பாருங்க. "ஆ, ஒலிம்பிக் தங்கத்த விட்டுட்டு கிரிக்கெட்டுக்குப் போன மனிசன்தானே" எண்டு சிரிப்பாங்க. பெரியகல்லாறுக் கடற்கரையில பந்தடிச்சுப்போட்டு இருந்து கதைக்கக்குள்ள எங்களுக்குள்ளயும் இதே சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடதான் எங்களுக்குச் சண்டை.

கோபாலன் 1909இல் செங்கல்பட்டுப் பக்கம் மொரப்பாக்கத்தில் பிறந்தவர். வேகப்பந்து வீச்சாளர். 1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக ஒரு டெஸ்ட் ஆடினார். அதே நவம்பரில் சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கிண்ணத்தின் முதல் பந்தை வீசியதும் அவர்தான். அடுத்த வருசம் தியான் சந்தோட நியூசிலாந்து போய் ஹொக்கி ஆடினார். ஒரே ஆள், ரெண்டு இந்திய அணி!

1936இல் ரெண்டும் ஒண்டா வந்தது. இங்கிலாந்துக்குக் கிரிக்கெட், பேர்லினுக்கு ஹொக்கி. கோபாலன் இங்கிலாந்து போனார். மூன்று டெஸ்டில் ஒண்டிலயும் அவரை ஆடவிடல்ல. ஓகஸ்ட் 15இல் ஹொக்கி அணி ஜேர்மனியை 8-1 எண்டு அடிச்சு தங்கம் எடுத்தது.

கதை சொல்றவங்க இதோட நிப்பாட்டிருவாங்க. நாங்க கேக்கிறது, அந்தக் கிரிக்கெட் அணிக்குத் தலைவர் யார்? விஜயநகரம் மகாராஜ்குமார். துடுப்பால இல்ல, காசாலயும் செல்வாக்காலயும் தலைவரானவர். நல்லா ஆடிக்கொண்டிருந்த லாலா அமர்நாத்தைப் பாதியில கப்பலேற்றித் திருப்பி அனுப்பின சுற்றுப்பயணம் அது. அப்படிப்பட்ட அணியில மெட்ராஸ்காரர் ஒருத்தர் வெளியில குந்தியிருந்தார் எண்டா, அது அவர்ட தெரிவுப் பிழையா? கூட்டிக்கொண்டு போய் ஆடவிடாத ஆக்களை ஏன் ஒருத்தரும் கேக்கிறல்ல?

எங்களுக்கு இது பழகின கதை. "ஆர்ட்ஸ் எடுத்தா இப்படித்தான் மனே, அப்பவே சொன்னன்" எண்டு கலியாண வீட்டுல, கோயில் திருவிழாவுல எத்தின தரம் கேட்டிருப்பம்! பட்டதாரிக்கு வேலை குடுக்காதது ஒரு பக்கம் கிடக்க, பதினாறு வயசுல நாங்க போட்ட கையெழுத்துதான் குற்றவாளி. கோபாலனுக்கு நடந்ததும் இதுதான்.

'ஒரு விளையாட்டைப் பிடிச்சிருந்தா வென்றிருப்பார்' எண்டு புத்தி சொல்றவங்களும் இருக்காங்க. அவர் ஒண்டைத்தான் பிடிச்சார். அதுக்குத்தானே சிரிக்கிறீங்க?

பிறகு 1950களில் அவரே இந்திய அணியின் தெரிவாளரானார். சும்மா குந்தியிருந்த ஆள், தெரிவு செய்யிற கதிரையில! அவர் எடுத்த முடிவெல்லாம் சரியெண்டு நாங்க வாதாட வரல்ல. ஆனா 'தங்கத்தை விட்டவர்' எண்ட ஒரு வரிக்குள்ள இந்த ஆயுளை அடக்க ஏலாது.

2003இல், 94 வயசில போனார். தங்கம் இல்லத்தான். ஆனா இலங்கைக்கு டெஸ்ட் தகுதியே இல்லாத காலத்துல, எங்கட நாட்டு அணி மெட்ராசோட ஆண்டுக்கணக்கா மோதினது ஒரு கிண்ணத்துக்காக. அதுக்குப் பேர் கோபாலன் கிண்ணம்.