அந்தச் சின்ன நட்சத்திரம்

ஏ.சி. விளம்பரங்களில் இரண்டு வகை நட்சத்திரங்கள் உண்டு. ஒன்று பெரியது. எவ்வளவு மின்சாரம் மிச்சமாகும் என்று காட்டுவதற்காக, மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பி.இ.இ. தருவது. மூன்று, நான்கு, ஐந்து என்று லேபிளில் வரிசையாக மின்னும். இன்னொன்று சின்னது. 'இன்ஸ்டலேஷன் இலவசம்' என்ற வரியின் கடைசியில் கடுகு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். பெரிய நட்சத்திரத்தைக் காட்டி உங்களைக் கடைக்குள் இழுக்கிறார்கள். சின்ன நட்சத்திரத்தை வைத்துக் காசு பார்க்கிறார்கள்.

அதற்கு அர்த்தம் 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது'. என்ன நிபந்தனை? அது மட்டும் கடையில் தெரியாது. பணம் கட்டி, பெட்டி வீட்டுக்கு வந்து, சுவரில் ஓட்டை விழுந்த பிறகுதான் தெரியும்.

"சார், ஸ்டாண்டு எக்ஸ்ட்ரா. பைப்பு கம்பெனி மூணு மீட்டர்தான் குடுக்கும். உங்களுக்கு அஞ்சு மீட்டர் போகுது, அதுவும் எக்ஸ்ட்ரா. கான்க்ரீட்ல ஓட்டை போடறது தனி. தண்ணி பைப்பு தனி. வயர் தனி சார்."

"அப்புறம் எதுதான்யா இலவசம்?"

"நாங்க வந்தது சார்."

கூட்டிப் பார்ப்போம். கடைக்குக் கடை, ஊருக்கு ஊர் தொகை கொஞ்சம் மாறும். ஆனாலும் ஒரு சாதாரண ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏ.சி.க்குக் கணக்கு சுமாராக இப்படித்தான் வரும். வெளி யூனிட்டுக்கு இரும்பு ஸ்டாண்டு 800 ரூபாய். கூடுதல் தாமிரக் குழாய் மீட்டர் 900 வீதம் இரண்டு மீட்டருக்கு 1,800. சுவரில் துளை 500. தண்ணீர்க் குழாயும் வயரும் 600. மொத்தம் 3,700. இது மாட்டுக்கூலி 'இலவசமாக' இருக்கும்போது. இல்லையென்றால் அதற்கு ஒரு 1,500. 'சேஃப்டிக்கு சார்' என்று தலையில் கட்டும் ஸ்டெபிலைசருக்கு 2,500. இத்தனைக்கும், குறிப்பிட்ட வோல்டேஜ் எல்லைக்குள் ஸ்டெபிலைசர் தேவையில்லை என்று பல இன்வர்ட்டர் மாடல்களின் கேட்டலாக்கிலேயே அச்சடித்திருக்கிறார்கள். படித்துச் சொல்லத்தான் ஷோரூமில் ஆள் இல்லை.

2025 செப்டம்பர் 22 முதல் ஏ.சி. மீதான ஜி.எஸ்.டி. 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. பக்கம் பக்கமாகக் கொண்டாடினார்கள். வரி சேர்க்காத விலை 30,000 என்றால் முன்பு 38,400. வரிக்குறைப்புக்குப் பின் 35,400. லாபம் மூவாயிரம். சந்தோஷம். ஆனால், மேலே பார்த்த குறைந்தபட்சக் கணக்கே 3,700. அரசாங்கம் வலது பாக்கெட்டில் போட்டதை ஸ்டாண்டும் பைப்பும் இடது பாக்கெட்டிலிருந்து எடுத்துக்கொள்கின்றன, எழுநூறு ரூபாய் வட்டியோடு.

கம்பெனிக்காரர்களிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். "ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு மாதிரி. போய்ப் பார்க்காமல் எப்படி விலை சொல்வது?" பாதி நியாயம்தான். உங்கள் வீட்டுக்கு எத்தனை மீட்டர் குழாய் என்று எனக்கோ அவர்களுக்கோ முன்கூட்டியே தெரியாது. ஆனால், ஒரு மீட்டர் என்ன விலை என்று தெரியாதா? அதை விலை அட்டையில் போட்டால் கை வலிக்குமா? ஸ்டாண்டு விஷயம் அதைவிட வேடிக்கை. தரையிலோ மொட்டை மாடியிலோ வைத்தாலும் அடியில் ஏதாவது வேண்டும், சுவரில் மாட்டினாலும் வேண்டும். வெளி யூனிட் என்ன அந்தரத்திலா தொங்கும்? எல்லோருக்கும் தேவைப்படும் ஒரு பொருளை 'எக்ஸ்ட்ரா' என்று சொல்வது, செருப்பு விலை தனி, வார் விலை தனி என்பது போல.

இதற்குச் சட்டத்தில் பெயரே உண்டு. 2023 நவம்பரில் மத்திய அரசின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், நுகர்வோரை மயக்கும் வியாபாரத் தந்திரங்களைப் பட்டியல் போட்டுத் தடை செய்தது. அதில் ஒன்று 'ட்ரிப் ப்ரைசிங்'. முழு விலையை முதலில் சொல்லாமல், சொட்டுச் சொட்டாக ஏற்றிக்கொண்டே போவது. ஆன்லைனில் விற்பவர்களை மனதில் வைத்து வந்த விதிதான். ஆனால், ஆன்லைனில் ஏ.சி. விற்காத பெரிய கம்பெனி எது? ஏ.சி.யிலிருந்து தண்ணீர் சொட்டினால் உடனே கம்ப்ளெயின்ட் பண்ணுகிறோம். விலை சொட்டினால் மட்டும் பர்ஸைத் திறக்கிறோம்.

"ஏ.சி. வாங்குகிறவன் வசதியானவன். நாலாயிரம் அவனுக்கு ஒரு காசா?" என்று கேட்பவர்கள் உண்டு. அது இருபது வருஷத்துக்கு முந்தைய கணக்கு. இன்றைக்குத் தவணையில் ஏ.சி. வாங்குபவர்களில் பலர், கான்க்ரீட் கூரைக்கு நேர் கீழே ஒற்றைப் படுக்கையறையில் வயதான அம்மாவோடும் கைக்குழந்தையோடும் மே மாதத்தைக் கடக்க வேண்டியவர்கள். வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024-ல் அறிவித்தது தமிழக அரசு. பேரிடர் என்று அரசாங்கமே சொன்ன பிறகு, அதிலிருந்து தப்பிக்க வாங்கும் பொருளை ஆடம்பரம் என்று ஒதுக்க முடியாது. அதிலும் வாடகை வீட்டுக்காரர் பாடு பெரும்பாடு. வீடு மாறும்போதெல்லாம் கழற்ற ஒரு கூலி, மாட்ட ஒரு கூலி, கேஸுக்கு ஒரு தொகை. ஓட்டையை அடைக்கச் சொல்லி ஹவுஸ் ஓனர் அட்வான்ஸில் பிடிப்பது போனஸ்.

இவ்வளவு வாங்குகிறார்களே, வேலையாவது ஒழுங்காக நடக்கிறதா? புதிதாகப் பொருத்திய குழாய்க்குள் காற்றும் ஈரமும் இருக்கும். வாக்குவம் பம்ப் வைத்து அதை உறிஞ்சி எடுத்த பிறகுதான் கேஸைத் திறந்துவிட வேண்டும். கால் மணி நேரம், இருபது நிமிஷமாவது பிடிக்கும் வேலை. பல இடங்களில் பம்ப்பே வருவதில்லை. வால்வைக் கொஞ்சம் திறந்து, உள்ளே இருக்கும் கேஸை வைத்தே காற்றை 'புஸ்'ஸென்று வெளியேற்றிவிட்டு, "கூலிங் பாருங்க சார்" என்கிறார்கள். இப்போது வீட்டு ஏ.சி.க்களில் பெரும்பாலும் இருப்பது ஆர்-32. கொஞ்சம் தீப்பிடிக்கும் தன்மை உள்ளது. காற்றில் கலந்தால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட 675 மடங்கு வீரியமானது. உள்ளே தங்கிய ஈரம் கம்ப்ரெஸர் ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி, மெல்ல மெல்ல கம்ப்ரெஸரை அரிக்கும். இணைப்பு நட்டைச் சரியாக முறுக்காவிட்டால் கேஸ் கசியும். அடுத்த கோடையில், "கேஸ் கம்மியா இருக்கு சார், மூவாயிரம் ஆகும்" என்பார்கள். கேஸ் என்ன பெட்ரோலா, ஓடி ஓடித் தீர்ந்துபோக? மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். பரிசோதனைக் கூடத்தில் வாங்கிய ஐந்து நட்சத்திரம், நம் வீட்டுச் சுவரில் இப்படித்தான் ஒவ்வொன்றாக உதிர்கிறது.

இதற்காக அந்த மெக்கானிக்கைத் திட்டாதீர்கள். அவர் பெரும்பாலும் கம்பெனி ஊழியர் இல்லை. கம்பெனியிடம் கான்ட்ராக்ட் எடுத்தவரிடம், ஒரு ஏ.சி.க்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர். சீசனில் ஒரே நாளில் நாலைந்து வீடு முடித்தால்தான் அவருக்குக் கட்டுப்படியாகும். அந்த அவசரத்தில் முதலில் பலியாவது வாக்குவம் பம்ப். அடுத்தது அவரோடு வரும் ஹெல்ப்பர் பையனின் பாதுகாப்பு.

மூன்றாவது மாடி ஜன்னல் வழியாக வெளியேறி, சன்ஷேடில் ஒரு காலும் குழாயில் ஒரு காலுமாக நின்று, முப்பது கிலோவுக்கு மேல் இருக்கும் வெளி யூனிட்டை அவன் ஸ்டாண்டில் ஏற்றுகிறான். இடுப்பில் பெல்ட் இல்லை. பெட்டியைக் கட்டி வந்த கயிறுதான் பாதுகாப்பு. அதற்கு மட்டும் 'எக்ஸ்ட்ரா' எதுவும் கிடையாது, ஏனென்றால் அந்த ஐட்டமே பில்லில் இல்லை. ஏ.சி. மாட்டும்போது தவறி விழுந்து இளைஞர் பலி என்று கோடைக்குக் கோடை பேப்பரில் நாலு வரி வருகிறது. படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புகிறோம்.

கட்டடம் கட்டியவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. நீச்சல் குளமும் ஜிம்மும் வைத்து ஃபிளாட் கட்டுகிறவருக்கு, எல்லா பெட்ரூமிலும் ஏ.சி. வரும் என்று தெரியாதா? உள்ளே ஏ.சி. பாயின்ட் வைக்கத் தெரிகிறது. வெளி யூனிட்டை வைக்கவும், சர்வீஸுக்கு வருபவர் நிற்கவும் நாலடி மேடை கட்ட மட்டும் தெரியாது. மேடை கட்டினால் குழாய் நீளமும் குறையும், உயிரும் பிழைக்கும்.

செய்ய வேண்டியது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. மூன்று மீட்டர் குழாய், ஸ்டாண்டு, துளை, கூலி எல்லாம் சேர்த்த ஒரே விலையை விளம்பரத்தில் போடச் சொல்லி அரசு உத்தரவிடட்டும். கூடுதல் குழாய்க்கு மீட்டர் விலையைக் கடையிலேயே எழுதி ஒட்டட்டும். பாதுகாப்பு பெல்ட் இல்லாமல் ஆள் அனுப்பும் கம்பெனி, விபத்து நடந்தால் 'அவர் எங்கள் ஊழியர் இல்லை' என்று கை கழுவ முடியாமல் செய்யட்டும். மேடை இல்லாத அடுக்குமாடிக்கு வரைபட அனுமதி கிடையாது என்று சொல்லட்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியதும் உண்டு. மாட்டி முடிக்க மொத்தம் எவ்வளவு என்று, பணம் கட்டும் முன்பே கடையில் எழுதி வாங்குங்கள். மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள். ஏமாந்தால் 1915-க்கு போன் பண்ணுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் அதுதான். வாக்குவம் பம்ப் இல்லாமல் வந்தால் திருப்பி அனுப்புங்கள். பெல்ட் இல்லாமல் ஜன்னலைத் தாண்டினால், "தம்பி, உள்ளே வா" என்று சொல்லுங்கள். வேலை ஒரு நாள் தள்ளிப்போனால் குடி முழுகிவிடாது.

பேரம் பேசுவதானால் ஷோரூமில் பேசுங்கள். ஜன்னலுக்கு வெளியே தொங்குகிற பையனிடம் வேண்டாம்.