பச்சை முனையும் நீல முனையும்

வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு எடுத்தவர்கள் மோடத்தைத் திருப்பிப் பார்த்தால், மெல்லிய கேபிள் ஒன்று பச்சைப் பிளாஸ்டிக் முனையோடு செருகியிருப்பது தெரியும். அதே ஊரில் ஒரு கல்லூரியின் சர்வர் அறைக்குப் போனால், ஸ்விட்சில் வரிசையாகச் செருகியிருப்பவை நீல முனைகள். அளவிலும் பச்சையில் பாதிதான். இரண்டுக்குள்ளும் இருப்பது ஒரே ரகக் கண்ணாடி இழை. தடிமன் 125 மைக்ரான். அதன் நடுவே ஒளி போகும் பாதை சுமார் 9 மைக்ரான். அப்படியிருக்க முனையில் மட்டும் ஏன் இத்தனை வகை? புதிதாக நெட்வொர்க் போடும் அலுவலகம், பள்ளி, ஆஸ்பத்திரி எங்கும் இந்தக் கேள்வி எழுகிறது. பல இடங்களில் அது எழுவதற்குள் பேட்ச் கார்டு (இரு முனையும் பொருத்தி வரும் குட்டைக் கேபிள்) வாங்கி முடித்திருப்பார்கள்.

வடிவத்தைப் பொறுத்தவரை வாங்குபவருக்குப் பெரிய தேர்வு இல்லை. ஸ்விட்சில் செருகி மின்சிக்னலை ஒளியாக மாற்றும் மாட்யூலில் என்ன வாய் இருக்கிறதோ அதற்கேற்ற முனைதான். 1980களில் ஜப்பானின் என்.டி.டி. நிறுவனம் உருவாக்கிய எஸ்.சி. கனெக்டர் சதுரமானது. தள்ளினால் மாட்டும், இழுத்தால் கழலும். அதற்குள் இழையைப் பிடித்திருக்கும் ஃபெரூல் என்ற செராமிக் குழல் 2.5 மி.மீ. விட்டம் கொண்டது. ஜிபிக் எனப்பட்ட பழைய ஜிகாபிட் மாட்யூல்கள் இந்த எஸ்.சி.யைத்தான் ஏற்றன. 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் லூசென்ட் நிறுவனம் ஃபெரூலை 1.25 மி.மீ.க்குச் சுருக்கி, டெலிபோன் பிளக்கைப் போல ‘க்ளிக்’ என்று பூட்டிக்கொள்ளும் நாக்கு வைத்து எல்.சி. கனெக்டரைக் கொண்டுவந்தது. ஒரே ரேக் அடுக்கு உயரமுள்ள ஸ்விட்சின் முகப்பில் 48 ஃபைபர் போர்ட்கள் அடங்கியதற்கு இந்தச் சுருக்கம் முக்கியக் காரணம். இன்று 1 ஜி (நொடிக்கு ஒரு ஜிகாபிட்), 10 ஜி, 25 ஜி என எந்த எஸ்.எஃப்.பி. குடும்ப ஃபைபர் மாட்யூலை வாங்கினாலும் அநேகமாக இரட்டை எல்.சி.தான்: ஓர் இழை அனுப்ப, மற்றது பெற. ஒரே இழையில் இரண்டு வேலையையும் செய்யும் பைடி மாட்யூல்களில் மட்டும் ஒற்றை எல்.சி. அவற்றைச் சோடியாக வாங்க வேண்டும். ஒரு முனை 1310 நானோமீட்டரில் அனுப்பி 1490இல் பெற்றால், மறுமுனை அப்படியே தலைகீழாக இருக்க வேண்டும். ஒரே மாதிரி இரண்டை வாங்கி வைத்தால் லிங்க் வராது.

வம்பு வருவது முனையின் முகத்தில். கண்ணாடியும் காற்றும் சந்திக்கும் இடத்தில் ஒளியில் சுமார் 4 சதவீதம் திரும்பி வந்துவிடும். நீல நிறத்தில் வரும் யூ.பி.சி. முனையின் முகம் லேசாகக் குவிந்து, நன்றாக மெருகேற்றப்பட்டிருக்கும். இப்படி இரண்டு முகங்கள் நேருக்கு நேர் அழுந்தும்போது இடையில் காற்று நிற்காது. திரும்பும் ஒளி லட்சத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். பச்சை நிற ஏ.பி.சி. முனையின் முகம் 8 டிகிரி சாய்த்து மெருகேற்றப்பட்டது. திரும்ப முயலும் மிச்ச ஒளியும் இழையின் பாதையை விட்டு விலகிச் சிதறிவிடுவதால், பத்து லட்சத்தில் ஒரு பங்குகூடத் திரும்பாது.

வீட்டு இணைப்புக்கு இந்தக் கறார் தேவை. ஜி-பான் முறையில் ஒரே இழையில் 1490 நானோமீட்டரில் தரவு வீட்டுக்கு வருகிறது, 1310இல் வீட்டிலிருந்து போகிறது. அதே இழையில் 1550இல் டி.வி. சேனல்களையும் சேர்த்து அனுப்புவது உண்டு. திரும்பி வரும் ஒளி அந்த வீடியோ சிக்னலைக் கெடுத்துவிடும். கேபிள் டி.வி. ஆபரேட்டர்கள் பச்சையை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருப்பது இதனால்தான். ஸ்விட்சுகளுக்கு இடையே ஓடும் சாதாரண ஈதர்நெட் அவ்வளவு நுணுக்கம் பார்ப்பதில்லை, எல்.சி. மாட்யூலுக்குள் இருப்பதும் யூ.பி.சி.க்கான இருக்கைதான்.

ஆனால் பச்சை எஸ்.சி.யும் நீல எஸ்.சி.யும் இரு முனைகளைச் சேர்க்கும் ஒரே அடாப்டரில் தாராளமாக மாட்டிக்கொள்ளும். தடுக்க எந்தப் பூட்டும் இல்லை. சாய்ந்த முகம் சாய்வில்லாத முகத்தைத் தொடும்போது ஒரு விளிம்புதான் படுகிறது, மீதி காற்று. பாதிக்கு மேல் ஒளி அங்கேயே வீணாகலாம். முகங்களில் கீறலும் விழலாம். தூரம் குறைவாக இருந்தால் லிங்க் விளக்கு எரிந்தும் விடும், அதுதான் கொடுமை. வேலை முடிந்தது என்று எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். அப்புறம் பிழைகள் குவியும், இணைப்பு விட்டுவிட்டு வரும். மாட்யூலை மாற்றுவார்கள், ஸ்விட்சை மாற்றுவார்கள், அந்த அடாப்டரை மட்டும் யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். இணைய நிறுவனம் கொண்டுவந்து சுவரில் மாட்டிய பெட்டியில் பச்சை எஸ்.சி., ஸ்விட்சில் நீல எல்.சி. என்றால், ஒரு முனை அதுவாகவும் மறுமுனை இதுவாகவும் தயாராக வரும் பேட்ச் கார்டை வாங்கினால் போதும். அது எளிதில் கிடைக்கும் சாதாரணப் பொருள்.

40 ஜி, 100 ஜி என்று போகும்போது எம்.பி.ஓ. என்ற கனெக்டர் வருகிறது. ஒரே முனையில் 12 இழைகள் வரிசையாக நிற்கும். எஸ்.ஆர்.4 மாட்யூல் அவற்றில் நான்கில் அனுப்பி நான்கில் பெறும்; நடுவில் உள்ள நான்கும் சும்மா கிடக்கும். மாட்யூலுக்குள் இரண்டு ஊசிகள் இருப்பதால் கார்டின் முனை ஊசி இல்லாததாக இருக்க வேண்டும். இரண்டு மாட்யூல்களை நேராக இணைப்பதென்றால் இழை வரிசை தலைகீழாக மாறும் ‘பி’ வகைக் கார்டு வேண்டும். இவற்றில் ஒன்றைத் தவறவிட்டாலும் லிங்க் வராது. 100 ஜி எஸ்.ஆர்.4க்கு அகலமான ஒளிப்பாதை கொண்ட ஓஎம்4 மல்டிமோட் இழையில் 100 மீட்டர்தான் எல்லை, வழியில் இழக்க அனுமதி 1.9 டெசிபல்தான். ஓர் இணைப்புக்கு 0.75 வரை போகலாம் என்பது தொலைத்தொடர்புத் தர அமைப்பான டி.ஐ.ஏ.வின் விதி. இரண்டு பேட்ச் பேனல்களிலேயே 1.5 போய்விட்டால், மூன்றாவதை நுழைத்ததும் கணக்கு உதைக்கும். 400 ஜி டி.ஆர்.4 மாட்யூலிலும் அதே 12 இழை எம்.பி.ஓ.தான், ஆனால் இழை சிங்கிள் மோட் (முதலில் சொன்ன 9 மைக்ரான் ரகம்), முகம் சாய்வு. பழைய தட்டை முகக் கார்டு அதற்கு ஆகாது.

ஆகவே கட்டடங்களுக்கு இடையே புதிதாகக் கேபிள் இழுப்பவர்கள் சிங்கிள் மோட் இழையும் எல்.சி. முனையும் போட்டுவிடுவதே நல்லது. மாட்யூல் விலை சற்றுக் கூடலாம். பதிலுக்கு, இன்று 1 ஜி ஓடும் அதே சோடி இழையில் நாளை 10 ஜி எல்.ஆர்., அதன்பின் நான்கு அலைநீளங்களை ஒன்றாக அனுப்பும் 100 ஜி எல்.ஆர்.4, இரண்டு கிலோமீட்டருக்குள் என்றால் 400 ஜி எஃப்.ஆர்.4 வரை ஓடும். எல்லாமே இரட்டை எல்.சி. ஒரு ஜிகாபிட்டை 200 மீட்டருக்கு மேல் கொண்டுபோன பழைய 62.5 மைக்ரான் மல்டிமோட் இழை, 10 ஜி எஸ்.ஆர். வந்ததும் 33 மீட்டரில் நின்றுவிட்டது. மண்ணைத் தோண்டிப் புதைத்த கேபிளை மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் மாட்யூல் விலை ஒன்றுமே இல்லை. எம்.பி.ஓ.வை டேட்டா சென்டரின் ரேக்குகளுக்கு இடையிலும், ஒரு 100 ஜி போர்ட்டை நான்கு 25 ஜி ஆகப் பிரிக்கும் இடத்திலும் வைத்துக்கொண்டால் போதும்.

எந்த முனையானாலும் தூசி ஒன்றுதான் பொது எதிரி. 9 மைக்ரான் பாதையின் குறுக்கே ஒரு துகள் உட்கார்ந்தால் அடுத்த முனையிலும் அது ஒட்டிக்கொள்ளும். உறை பிரித்த புதுக் கார்டும், மூடி போட்டு வைத்த முனையும்கூடச் சுத்தம் என்று நம்பக்கூடாது. வாயால் ஊதினால் ஈரம் படியும், சட்டை நுனியில் துடைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும். பேனா வடிவ கிளீனரை ஒருமுறை அழுத்தினால் சில நொடிகளில் முகம் சுத்தமாகிவிடும். எம்.பி.ஓ.வுக்கு அதற்கென்று தனி கிளீனர் உண்டு. ஒளி வருகிறதா என்று முனைக்குள் கண்ணை வைத்துப் பார்ப்பதை அடியோடு விட வேண்டும். அந்த அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாது, விழித்திரையைப் பாதிக்கும்.

கொள்முதல் செய்பவர்கள் ஆர்டரில் ‘ஃபைபர் பேட்ச் கார்டு, 10 எண்ணம்’ என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். ஒரு முனை எஸ்.சி. ஏ.பி.சி., மறுமுனை எல்.சி. யூ.பி.சி., சிங்கிள் மோட், டூப்ளெக்ஸ், 3 மீட்டர் என்று உங்கள் தேவையை முழுசாக எழுதுங்கள். 1.25 மி.மீ.க்கு ஒன்று, 2.5 மி.மீ.க்கு ஒன்று என இரண்டு பேனா கிளீனர்களையும் அதே ஆர்டரில் சேர்த்துவிடுங்கள்.