வினாக்கொத்து வந்தது, ஆய்வு எங்கே?

ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது. அலைதடுப்பு கட்டியதிலிருந்து கரை எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது என்று நம்மவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதை ஆராய வினாக்கொத்தோடு வந்தவர்களும் கொஞ்சப்பேர் அல்ல. தென்னங்காணி போனவரும் தோணிக்காரரும் வேலையைப் போட்டுவிட்டுப் பதில் சொன்னார்கள். அந்த ஆய்வுகளை எங்கே வாசிக்கலாம் என்று கேட்டால்தான் சிக்கல். ஆய்வேடு என்றால் எங்கோ ஒரு அலுமாரியில் இருக்கும். வெளிநாட்டுச் சஞ்சிகையில் வந்த கட்டுரை என்றால், ஒன்றைத் திறக்கவே 30, 40 டொலர் கேட்பார்கள்.

திறந்த விஞ்ஞானம் பற்றி யுனெஸ்கோ 2021இல் ஒரு பரிந்துரையே நிறைவேற்றியது. அது கிடக்கட்டும். இந்தப் பூட்டைத் திறக்கக்கூடியவர் பக்கத்திலேயே இருக்கிறார், பல்கலைக்கழக நூலகர். தென்கிழக்குப் பல்கலைக்கழகம் உட்பட நமது பல்கலைக்கழகங்கள் பலவற்றின் நூலகங்களுக்கு இணையக் களஞ்சியம் உண்டு. அதை நிரப்புவதுதான் வேலை.

விரிவுரையாளர்கள் தயங்குவது பெரும்பாலும் பயத்தால். சஞ்சிகைக்குக் கொடுத்ததை வேறெங்கும் போட்டால் வழக்கு வருமோ என்று. உண்மையில் பல பதிப்பகங்கள், தாங்கள் வடிவமைப்பதற்கு முந்திய இறுதிப் பிரதியைக் குறித்த காலம் கழித்துக் களஞ்சியத்தில் போட அனுமதிக்கின்றன. எந்தச் சஞ்சிகைக்கு எத்தனை மாதம் என்று முன்பு ஷேர்ப்பா ரோமியோ என்ற பெயரில் இயங்கிய இலவசத் தளத்தில் பார்க்கலாம். விரிவுரை, விடைத்தாள், கூட்டம் என்று ஓடுபவருக்கு அதைத் தேட நேரமேது? நூலகரே தேடிப் பார்த்து, "சேர், அந்தப் பிரதியை அனுப்புங்க, நான் ஏற்றுறேன்" என்று கேட்க வேண்டும்.

இன்னொன்று, நம் பெயர்கள்! எம்.ஐ.எம்., ஏ.எல்.எம். என்று பலருக்கும் ஒரே முதலெழுத்துகள். முகம்மது என்பதை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு மாதிரி எழுதுகிறோம். யாருடைய கட்டுரை எது என்று இணையம் குழம்பாமல் என்ன செய்யும்? ஓர்கிட் என்ற 16 இலக்க எண் இலவசம். புதிய ஆய்வாளர் ஒவ்வொருவரும் தாமே அதைப் பதிவு செய்துகொள்ள நூலகம் உதவலாம்.

திரட்டிய தரவையும் திறக்கத்தான் வேண்டும், ஆனால் அப்படியே அல்ல. பெயரை நீக்கினாலும் "மூன்று தோணி வைத்திருக்கும் 60 வயதுக்காரர்" என்று இருந்தால் ஊரில் யாருக்குத்தான் தெரியாது? எதை மறைப்பது என்று ஆய்வாளரோடு இருந்து பார்க்கவும் நூலகத்தில் ஒருவர் வேண்டும்.

ஒரு ஆசிரியராக என் கோரிக்கை சின்னது. களஞ்சியத்தில் ஏற்றும் ஒவ்வொரு ஆய்வோடும் தமிழில் ஒரு பக்கச் சுருக்கம் கேளுங்கள். உயர்தர மாணவர் செயற்றிட்டத்துக்கு வாசிப்பார். பதில் சொன்ன தோணிக்காரரும் வாசிப்பார்.