பெயில் போடுவது பாடம் ஆகாது

‘ஆல் பாஸ் போட்டே பிள்ளைங்களைக் கெடுத்துட்டாங்க. ஒரு வருஷம் அதே வகுப்புல உட்கார வெச்சாத்தான் புத்தி வரும்.’ காஞ்சிபுரத்தில் இந்தப் பேச்சைக் கேட்காமல் ஒரு கல்வியாண்டு கழிவதில்லை. பிள்ளையார்பாளையத்துத் தறிவீட்டுத் திண்ணையில் கேட்கலாம், காந்தி ரோட்டுப் பட்டுக்கடைக் கல்லாவில் கேட்கலாம், ஆசிரியர்களின் ஓய்வறையிலும் கேட்கலாம். பெற்றோரே பள்ளிக்கு வந்து, “பெயில் போடுங்க சார், அப்பத்தான் பயம் இருக்கும்” என்கிறார்கள். பிள்ளை உருப்பட வேண்டும் என்ற கவலையில்தான் அப்படிக் கேட்கிறார்கள். அந்தக் கவலையை மதிக்கிறேன். அதற்காக அவர்கள் கேட்கும் காரியம் பிள்ளைக்கு நேர் எதிரானது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஏழாம் வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறான். கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாது. இவனைப் பெயில் போட்டால் அடுத்த ஜூனில் என்ன நடக்கும்? அதே ஏழாம் வகுப்புப் புத்தகம், அதே ஒளிச்சேர்க்கை, அதே பின்னக் கணக்கு, பெரும்பாலும் அதே ஆசிரியர், அதே கரும்பலகை. அவனுடைய சிக்கல் இருப்பது ஏழாம் வகுப்பில் இல்லையே. இரண்டாம் வகுப்பில் எழுத்தும் ஓசையும் அவனுக்குள் சேராமல் போன இடத்தில் அது இருக்கிறது. அந்த இடத்துக்கு அவனைக் கூட்டிப்போக யாரும் இல்லை. புரியாத புத்தகத்தை இரண்டாவது தடவை முன்னால் வைத்தால் எந்த வழியாகப் புரியும்? பெயிலை ஆதரிப்பவர்கள் யாரும் இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னதில்லை. ‘பயம் வரும்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பயம் வரும் என்பது உண்மைதான். ஆனால் எழுத்துத் தெரியாத பிள்ளைக்குப் பயம் எழுத்தைக் கற்றுத் தராது. பள்ளிக்கு வராமல் இருக்கத்தான் கற்றுத் தரும்.

காஞ்சிபுரத்தில் பெயிலான பிள்ளை எங்கே போனான் என்பது இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உடலையும் கரையையும் தனித்தனியே நெய்து இணைக்கும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா ஓடும்: உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் தனித்தனியே ஒவ்வொன்று. ஒரு பக்கத்துக் கரையின் நாடாவைத் தள்ளித் தர நெசவாளிக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார வேண்டும். பல தலைமுறைகளாக அந்த இடத்தில் உட்கார்ந்தவர்கள் பிள்ளைகள்தான். தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டபடி, விளையாடும் வயதில், நாள் முழுக்க. அப்பாவின் தறியில் உட்கார்ந்தவர்கள் கொஞ்சம் தப்பித்தார்கள். முன்பணம் வாங்கிய குடும்பத்துப் பிள்ளைகள் கடன் தீரும்வரை இன்னொருவர் தறியில் உட்கார்ந்தார்கள். 2003இல் மனித உரிமைக் கண்காணிப்பகம் இந்தியப் பட்டுத்தொழிலில் கொத்தடிமைப்பட்ட குழந்தைகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் காஞ்சிபுரத்துத் தறிகளும் இருக்கின்றன. உலகம் முழுவதும் கல்யாணச் சேலைக்குப் பெயர்பெற்ற ஊர் அந்தப் பட்டியலிலும் ஏறியது.

அந்தப் பிள்ளைகள் எல்லோரும் பள்ளியே பார்க்காதவர்கள் அல்ல. சேர்ந்தார்கள், பின்தங்கினார்கள், ஒரு வருஷம் தங்கவைக்கப்பட்டார்கள், தங்களைவிடச் சின்னப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார வெட்கப்பட்டுப் பள்ளியிலிருந்து நின்றார்கள். வீட்டிலோ அவர்களுக்கு ஓர் இடம் காலியாக இருந்தது. பெண் பிள்ளைகளுக்கு இன்னும் சுருக்கமாக முடிந்தது. வயசுக்கு வந்த பெண் ஏழாம் வகுப்பில் பெயில் என்றால், ‘படிச்சது போதும், தார் சுத்தட்டும்’ என்று சொல்ல வீட்டுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. பள்ளி கொடுத்த காரணம் அது.

இப்போது தறிக்குழியில் பிள்ளைகள் முன்போல் இல்லை. சட்டமும் இயக்கங்களும் செய்த வேலை அது. நெசவுக் கூலியில் குடும்பம் நடத்த முடியாமல் போனதும் ஒரு காரணம். ஆனால் 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பள்ளி நேரம் போக மற்ற நேரத்தில் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. வீடே தொழிற்கூடமாக இருக்கிற ஊரில் அந்தக் கதவு எவ்வளவு அகலம் என்று யோசித்துப் பாருங்கள். சற்று வளர்ந்த பையன்களுக்கு வேறு இடங்களும் காத்திருக்கின்றன: ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒப்பந்தக் கூலி வேலை, வெளியூர் வண்டிகளைப் பட்டுக்கடைக்குத் திருப்பிவிடும் கமிஷன் வேலை. பள்ளி கைவிடும் பிள்ளையை வாங்கிக்கொள்ள இந்த ஊரில் எப்போதும் யாராவது இருக்கிறார்கள்.

இந்த ஊர் ஒரு காலத்தில் இதே ஆபத்தை அடையாளம் கண்டு எதிர்த்து நின்ற ஊர். 1953இல் ராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பாட நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளை வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று பெயர்பெற்று அது கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. அந்த ஜூலையில் தி.மு.க. நடத்திய மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை இதற்கு எதிரானது. கட்சியின் பொதுச்செயலாளர் அண்ணா, காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டு வறுமையால் பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டுக் காஞ்சிபுரம் நகராட்சியில் எழுத்தராக வேலை பார்த்து, பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரிக்குப் போனவர். 1954இல் காமராஜர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது. அரசாணை போட்டுப் பிள்ளையை அப்பன் தொழிலுக்கு அனுப்பியபோது கொதித்த நாம், மதிப்பெண் பட்டியலில் சிவப்பு மையால் அதையே செய்தால் தரம் என்கிறோம்.

‘அந்தக் காலத்தில் பெயில் போட்டார்கள், படிப்பு தரமாக இருந்தது’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். யார் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். தப்பித்தவர்கள். பெயிலாகி நின்றவர்கள் பழைய மாணவர் சந்திப்புக்கு வருவதில்லை, மேடையில் பேசுவதில்லை, பத்திரிகைக்கு எழுதுவதில்லை. 1971 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதும் தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு மேல் எழுத்தறியாதவர்கள். 2011இல் எழுத்தறிவு 80 சதவீதம். தரமாக இருந்தது என்று சொல்லப்படும் அந்தப் படிப்பு எத்தனை பேரை வாசலிலேயே நிறுத்தியது என்பதை இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் பார்க்கலாம்.

எதிர்த்தரப்பிடம் ஒரு நியாயம் இருக்கிறது. எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளைக்குத் தினத்தாள் படிக்கத் தெரியவில்லை என்ற அவர்களுடைய கோபம் பொய்யில்லை. பெயில் போடாமல் விட்டுவிட்டு, சொல்லியும் கொடுக்காமல் மேலே தள்ளுவதும் துரோகம்தான். ஆனால் அது ஆல் பாஸால் வந்த நோய் என்பது தவறு. ஆல் பாஸைக் கொண்டுவந்த கட்டாயக் கல்விச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரலில். அதற்கு முன்பே, பிள்ளைகளின் கற்றல் நிலையை அளக்க 2005 முதல் நடந்துவந்த ஏசர் ஆய்வுகளில், நாட்டின் கிராமப்புற ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறத்தாழ பாதிப் பேரால் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடியவில்லை என்று தெரிந்தது. பல மாநிலங்களில் பெயில் இருந்த காலம் அது.

அந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவை மட்டும் எல்லோருக்கும் தெரியும்: எட்டாம் வகுப்புவரை யாரையும் தங்கவைக்கக் கூடாது என்று 2019 திருத்தம்வரை அது சொன்னது. 4ஆம் பிரிவு, வயதுக்குரிய வகுப்பில் சேர்க்கப்படும் பிள்ளைக்குச் சிறப்புப் பயிற்சி பெறும் உரிமை உண்டு என்கிறது. 29ஆம் பிரிவு, பயமில்லாத வகுப்பறையும் தொடர்ச்சியான மதிப்பீடும் வேண்டும் என்கிறது. பெயில் போடாதே என்பதைப் பிடித்துக்கொண்டோம். எங்கே தடுமாறுகிறான் என்று மாதாமாதம் பார், பார்த்து உதவு என்பதை விட்டுவிட்டோம். தமிழ்நாட்டில் 2012இல் முப்பருவ முறையோடு வந்த வளரறி மதிப்பீட்டுக்கு என்ன நேர்ந்தது? பிள்ளை என்ன புரிந்துகொண்டான் என்று ஆசிரியர் தெரிந்துகொள்ள வேண்டிய நேரம், கடையில் வாங்கிய படங்களை அம்மா அட்டையில் ஒட்டித் தருவதாக முடிந்தது. நாற்பதுக்கு முப்பத்தெட்டு என்று பதிவேட்டில் ஏறியது. ஆசிரியர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகளையும் வைத்துக்கொண்டு, கல்வித்துறையின் எமிஸ் செயலியில் விவரங்களை ஏற்றிக்கொண்டு, நடுவில் பாடமும் நடத்துகிறவரிடம் ஒவ்வொரு பிள்ளையாகப் பார் என்றால் எப்படிப் பார்ப்பார்?

பார்க்கும் வழிமுறை நமக்குத் தெரியாததல்ல. ரிஷிவேலிப் பள்ளியில் உருவான முறையைப் பின்பற்றி 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. பிறகு மாநிலம் முழுவதும் வந்தது. பாடத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரித்து ஏணிப்படிகளாக அடுக்கியிருந்தார்கள். பிள்ளை பத்து நாள் வராமல் திரும்பி வந்தாலும், விட்ட அட்டையிலிருந்து தொடரலாம். முகூர்த்த மாதங்களில் சேலைக்கு நெருக்கடி வந்தால் வருகை குறைகிற இந்த ஊருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு ஏது? 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவர்கள் நிற்கும் இடத்தை வைத்துப் பிரித்தது. இரண்டிலும் குறைகள் உண்டு. அட்டைகள் கிழிந்து மாற்று வராத பள்ளிகள் உண்டு. ஆசிரியர்களை மனதாரச் சேர்த்துக்கொள்ளாமல் மேலிருந்து இறக்கியதும் உண்மை. ஆனால் இரண்டும் சரியான கேள்வியிலிருந்து தொடங்கின: இந்தப் பிள்ளைக்கு இப்போது என்ன தெரியும்?

தறி கற்றவர்களுக்கு இந்தக் கேள்வி பழக்கமானது. முதலில் நாடாவுக்கான நூலைத் தார் சுற்றவிட்டார்கள், பிறகு கரைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள், கை நிதானப்பட்டதும் உடல் நெய்யவிட்டார்கள், புட்டாவும் முந்தியும் அதற்கப்புறம். இழை அறுந்தால் தறியை நிறுத்தி, அறுந்த இடத்தைத் தேடி, முடிச்சுப் போட்டு மேலே போவார்கள். பாவு முழுவதையும் கழற்றி முதலிலிருந்து ஆரம்பிக்கிற நெசவாளியை யாரும் பார்த்ததில்லை. பிள்ளைகளின் பால்யத்தைத் தின்ற அந்தத் தறிவீட்டைப் புகழ எனக்கு மனமில்லை. அங்கே இருந்த கற்பிக்கும் முறை பள்ளிக்கூடத்தில் இல்லாமல் போனதைத்தான் சொல்கிறேன்.

வெளியுலகமும் பெயிலை ஆதரிப்பவர்களுக்குக் கைகொடுக்கவில்லை. பள்ளிக் கற்றல் பற்றிய ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்து 2009இல் வெளியிட்ட ஜான் ஹாட்டி, வகுப்பில் தங்கவைப்பது படிப்பை உயர்த்துவதற்குப் பதிலாகக் குறைக்கிறது என்று காட்டினார். ஜப்பானில் கட்டாயக் கல்வி முடியும்வரை பிள்ளைகள் பொதுவாக வயதோடு மேலே போகிறார்கள். அங்கே தரம் கெட்டுவிட்டதாக யாரும் சொல்வதில்லை. ஒரே அளவு மதிப்பெண் எடுக்கும் பிள்ளைகளிலும் ஏழை வீட்டுப் பிள்ளைதான் அதிகமாகத் தங்கவைக்கப்படுகிறான் என்று பல நாட்டு மாணவர்களை ஒப்பிடும் பிசா ஆய்வுகள் சொல்கின்றன. நம் ஊரில் பெயிலாகப் போவது யார் என்று கணிக்க அந்த ஆய்வும் தேவையில்லை. கடைக்காரர் பிள்ளைக்கு மாலையில் டியூஷன் இருக்கிறது.

2019 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்து, கடும் எதிர்ப்பு எழுந்தபின் 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றது. 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் பள்ளிகளில் இந்த இரு வகுப்புகளிலும் தங்கவைக்கலாம் என்று விதியை மாற்றியபோது, தமிழ்நாடு அதைப் பின்பற்றாது என்று சொல்லிவிட்டது. இந்த முடிவு சரி. ஆனால் எட்டோடு பாதுகாப்பு முடிந்துவிடுகிறது என்பதை இந்த வாதத்தில் எல்லோரும் மறந்துவிடுகிறோம். ஒன்பதாம் வகுப்பில்தான் இப்போது அறுவடை நடக்கிறது. பத்தில் தேர்ச்சி விழுக்காடு குறையக் கூடாது என்பதற்காக, ‘இவன் தேறமாட்டான்’ என்று பட்ட பிள்ளையை ஒன்பதில் நிறுத்துவதும், “வேற ஸ்கூல் பாத்துக்கோங்கம்மா” என்று அம்மாவைக் கூப்பிட்டு டி.சி.யைக் கையில் கொடுப்பதும் பத்தாம் வகுப்பு முடிவில் பெயில் என்று வருவதில்லை. அதற்கடுத்த மே மாதம் பள்ளி மதில்மேல் நூறு சதவீதத் தேர்ச்சி என்று பேனர் ஏறுகிறது. தெருவே அதைப் பார்த்து அடுத்த பிள்ளையை அங்கே சேர்க்க ஓடுகிறது.

பெயில் வேண்டும் என்று கேட்கிற பெற்றோர்கள் கேட்க வேண்டியது வேறு. மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் என் பிள்ளைக்குப் படிக்கத் தெரியவில்லை என்றால் அந்த வருஷமே எனக்குச் சொல்லுங்கள், மாலையில் அரை மணி நேரம் தனியாகச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் போடுங்கள் என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். அந்தக் குழுவில் பெரும்பான்மை பெற்றோர்களுடையது. சட்டம் கொடுத்த இடம் அது. கல்வி அலுவலகம் செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி, தனியார் பள்ளி என்ற வேறுபாடு இல்லாமல், பத்தாம் வகுப்பு முடிவு வரும் நாளில் பேனர் கட்டும் ஒவ்வொரு பள்ளியும் அதே பேனரில், அதே அளவு எழுத்தில், இந்தப் பிள்ளைகளோடு ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் இன்று தேர்வு எழுதியவர்கள் எத்தனை பேர் என்பதையும் எழுத வேண்டும் என்று ஆணையிடட்டும்.